வீடு பார்க்கக் கிளம்பும் முன் சலித்துவிடுங்கள்: மதுரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் ஏறி, ஆனையூரில் ஒன்று, அவனியாபுரத்தில் ஒன்று, நாகமலை புதுக்கோட்டையில் ஒன்று என ஆறு வீடு பார்த்துவிட்டு, மூன்று மணிக்குப் பசியோடு திரும்பும்போது எந்த வீட்டில் கிணறு இருந்தது, எந்த வீட்டில் மாடிப்படி வெளியே இருந்தது என்பதே குழம்பிப் போயிருக்கும். அந்த ஆறில் நான்கைப் போனிலும் கம்ப்யூட்டரிலுமே கழித்திருக்கலாம்.

அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சேதம் வேறு இடத்தில் இருக்கிறது. சாமி அறை எது, பிள்ளைக்கு எந்த ரூம் என்று மனசுக்குள் குடியேறிவிட்ட பிறகு பட்டாவில் ஒரு குறை தெரிந்தால், அது யார் கண்ணுக்கும் குறையாகப் படாது. "அதெல்லாம் பிறகு சரி பண்ணிக்கலாம்" என்ற பேச்சு வந்துவிடும். அதனால் காகிதம் முதலில், வீடு பிறகு. வாங்குபவருக்காகத் தேடும் புரோக்கருக்கும், வெளியூரில் இருக்கும் தம்பிக்காக இங்கே அலையும் அண்ணனுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

முதலில் பார்ட்டியைச் சலியுங்கள்

வீட்டுப் பட்டியலைத் தொடும் முன் வாங்குபவரின் கையிருப்பைக் கணக்குப் பாருங்கள். "பட்ஜெட் 60" என்பார்கள். வீட்டுக்கு மட்டும் 60 லட்சமா, எல்லாம் சேர்த்தா என்பதில்தான் பாதிப் பேரம் உடைகிறது.

விலை 60 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்ந்து 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023-இல்தான் இது 4-லிருந்து 2 ஆனது. ஆக 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு குறித்திருக்கும் மதிப்பு) பத்திர விலையைவிட அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பு முழுவதுக்கும்தான் இந்த 9 சதவீதம். கமிஷன் 1 சதவீதம் என்றால் 60 ஆயிரம். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் இருந்தால் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம்; அது 48 லட்சம். மிச்சம் 12 லட்சம் கைப்பணம். மொத்தத்தில் கையில் 18 லட்சம் இருக்க வேண்டும். பெயின்ட், பிளம்பிங், குடிபோகும் செலவு தனி.

இதோடு முடியாது. வங்கியின் மதிப்பீட்டாளர் அதே வீட்டை 54 லட்சம் என்று எழுதினால் கடன் 43 லட்சத்து 20 ஆயிரமாகக் குறையும். 18 லட்சம் 22 லட்சத்து 80 ஆயிரம் ஆகிவிடும். பழைய கட்டடத்துக்கு இது அடிக்கடி நடக்கிறது. உரிமையாளர் கிரானைட்டுக்கும் தேக்குக் கதவுக்கும் சேர்த்து விலை சொல்வார், மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதைப் பார்த்துக் கழிப்பார். ஆகவே கையிருப்பு 18 மட்டுமே உள்ள பார்ட்டிக்கு 60 லட்ச வீட்டைக் காட்டவே வேண்டாம். 52, 53-இல் தேடுங்கள்.

பத்திரத்தில் எவ்வளவு காட்டுவது என்ற கேள்வியையும் இப்போதே முடித்துவிடுங்கள். சொத்துப் பேரத்தில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சத்தை எட்டினால் விற்பவருக்குத் தர வேண்டிய பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வாங்குபவரே வரியாகக் கட்ட வேண்டும். "பாதி வெள்ளை, பாதி கையில்" என்று அடம்பிடிக்கும் விற்பனையாளரிடம் வங்கிக் கடன் பார்ட்டியைக் கூட்டிப் போவது இருவருக்கும் வீண்.

அடுத்து, விட்டுக்கொடுக்க முடியாதவை மூன்றை மட்டும் எழுதி வாங்குங்கள். மூன்றுக்கு மேல் எழுதினால் எல்லாம் ஆசைப் பட்டியல்தான். கார் உள்ளே நிற்க வேண்டுமா, வயசானவருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை வேண்டுமா, தெற்குப் பார்த்த வாசல் ஆகுமா, தெருக்குத்து இருந்தால் பார்க்கவே வேண்டாமா? வாசல் திசையில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் கேட்டுவிடுங்கள். ஊரில் இருக்கும் மாமனார் கடைசி நாளில் வந்து "தெருக்குத்து" என்று ஒரு வார்த்தை சொன்னால் அட்வான்ஸே திரும்பிவிடும்.

போனில் பத்து நிமிடம்

விளம்பரத்தில் உள்ள நம்பர் பெரும்பாலும் உரிமையாளருடையது அல்ல. ஒரே வீட்டை மூன்று பேர் கைமாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "அண்ணே, சாவி உங்க கையிலயா, இன்னொருத்தர்கிட்டயா?" என்று கேட்டால் சங்கிலியில் அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். கமிஷன் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதே போனில் பேசிவிடுங்கள்.

கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: பத்திரம் யார் பெயரில், அவர் உயிரோடு இருக்கிறாரா, அவருக்கு அது எப்படி வந்தது, இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள், வாடகையா ஒத்தியா (மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருப்பதா), வங்கியில் கடன் இருக்கிறதா, மனை எத்தனை சென்ட், கட்டடம் எந்த வருஷம், ஏன் விற்கிறார்கள். கடைசியாக, பத்திரத்தின் முதல் இரண்டு பக்கமும் சொத்து விவரப் பக்கமும், பட்டா நகலும் வாட்ஸ்அப்பில் வேண்டும்.

"டாக்குமெண்ட் எல்லாம் பக்காண்ணே, நீங்க நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்ற பதில் வந்தால் ஒரு முறை மரியாதையாக மறுபடி கேளுங்கள். பத்திர நகலை முன்பின் தெரியாதவருக்கு அனுப்ப உரிமையாளர் தயங்குவது நியாயம். அப்படியானால் பத்திர எண், வருஷம், பதிவான பத்திர ஆபீஸ் இந்த மூன்றை மட்டும் தரட்டும், அது போதும். அதையும் தராதவர் வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

எப்படி வந்த சொத்து

கிரயம் வாங்கியவரே விற்றால் வேலை எளிது. அப்பா காலமாகி, பிள்ளைகள் விற்கும் வீடுதான் மதுரைப் பழைய வீடுகளில் அதிகம், சிக்கலும் அங்கேதான். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தப் பாட்டியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை 2005 திருத்தத்தில் நாடு முழுதும் வந்தது. தமிழ்நாட்டில் 1989-இலேயே மணமாகாத மகள்களுக்குத் தந்துவிட்டார்கள்.

ஆகவே போனில் "எத்தனை பேர் கையெழுத்து போடணும்?" என்று கேட்டுவிட்டு, "தங்கச்சி எங்க கட்டிக் கொடுத்திருக்கு?" என்றும் கேளுங்கள். "அதுக்கு நகை போட்டு செஞ்சாச்சு, கையெழுத்தெல்லாம் வேண்டாம்" என்றால், பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. சீர் செய்தது பங்கை அழிக்காது. பங்குதாரர்களில் மைனர் இருந்து, அந்தப் பங்கு அவர் பெயரிலேயே தனியாக இருந்தால், காப்பாளர் விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அதற்குப் பல மாதம் பிடிக்கும். அவசரப் பார்ட்டிக்கு இந்த வீட்டைக் காட்டாதீர்கள்.

பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் பவர் பத்திரம் பதிவானதா, ரத்தாகியிருக்கிறதா, பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கிடைக்குமா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போயிற்று.

ஈசி, பட்டா: உட்கார்ந்த இடத்திலேயே

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது ஈசியை, பணம் கட்டாமலே பார்க்கலாம். பத்திர ஆபீஸ், கிராமம், சர்வே எண், உட்பிரிவு இவை வேண்டும். இங்கே தடுக்கும் இடம் கிராமப் பெயர். விளம்பரத்தில் ஐயர் பங்களா என்றும் யாகப்பா நகர் என்றும் இருக்கும். ஈசி வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் வரும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள பெயரை அப்படியே போடுங்கள். உட்பிரிவு தவறாகப் போட்டால் "பதிவுகள் இல்லை" என்று சுத்தமான ஈசி வரும். சுத்தம் என்று ஏமாந்துவிடாதீர்கள். சந்தேகத்துக்கு, விற்பவருடைய பத்திர எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அந்தப் பத்திரம் ஈசியில் தெரிந்தால்தான் நீங்கள் தேடியது சரியான இடம். இடையில் பத்திர ஆபீஸின் எல்லை மாறியிருந்தால் பழைய ஆபீஸிலும் தனியாகத் தேட வேண்டும்.

குறைந்தது 30 வருஷம் பாருங்கள். வங்கிக்குப் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு இருந்து, அதைத் தீர்த்த ரசீதுப் பதிவு இல்லையென்றால் கடன் இன்னும் ஓடுகிறது. அதற்காக வீட்டைக் கழிக்க வேண்டாம்; மிச்சக் கடன் எவ்வளவு என்று கேட்டால் போதும். விலையைவிட மிச்சக் கடன் கூடுதலாக இருந்தால்தான் விலகுங்கள். பழைய கிரய ஒப்பந்தம் ரத்தாகாமல் கிடந்தால் நிறுத்திவையுங்கள்.

பட்டாவை வருவாய்த்துறை இணையதளத்தில் வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். மதுரை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் என வட்டங்கள் பிரிந்திருப்பதால் வட்டம் தவறினால் பட்டா வராது. நகரப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேடு தனி. அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), புறம்போக்கா, கண்மாயா என்று இருக்கும். வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் அந்த எண்ணுக்குப் பூஜ்யம் என்று இருந்தால் கோயில் நிலம், வக்பு நிலம், அரசு நிலம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். பார்வையிடுவது அங்கேயே நிற்கட்டும்.

இப்போது அளவைச் சரிபாருங்கள். பத்திரத்தில் "கீழ்மேல் 30 அடி, தென்வடல் 45 அடி" என்றால் 1,350 சதுர அடி, 435.6-ஆல் வகுத்தால் 3.1 சென்ட். பட்டாவில் இது ஹெக்டேர், ஏர் கணக்கில் 0-01.25 என்று இருக்க வேண்டும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், 1,076 சதுர அடி. பட்டாவில் 0-01.10 என்று இருந்தால்? 110 சதுர மீட்டர், 1,184 சதுர அடி. மிச்சம் 166 சதுர அடி தெருவுக்குப் போயிருக்கலாம், பக்கத்து வீட்டுச் சுவருக்குள் போயிருக்கலாம், பழைய அளவே தப்பாக இருக்கலாம். எது என்று தெரியும்வரை 1,350-க்கு விலை பேசக் கூடாது. மாசி வீதி ஓரத்துப் பழம்பத்திரங்களில் அடிக்குப் பதில் தச்சு முழம் இருந்தால் ஒரு முழத்துக்கு 33 அங்குலம் போட்டுக்கொள்ளுங்கள். சக்குபந்தியில் நான்கு பக்கமும் யார் யார் என்று எழுதியிருக்கும். ஒரு பக்கத்தில் "பொதுப்பாதை" அல்லது "பொதுக்கிணறு" இருந்தால் அடிக்கோடிட்டு வையுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் பல குடும்பம் இருக்கும் வளவு வீடுகளில் இந்த ஒரு சொல்லால்தான் பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு பைக் நிறுத்தும் சண்டை வருகிறது.

ஈசியில் வராத விஷயம்: ஒத்தி

மதுரையில் இதைத் தனித் தலைப்பாகவே வைக்க வேண்டியிருக்கிறது. மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருக்கும் ஒத்தி இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பெரும்பாலும் முத்திரைத் தாளில் எழுதிக்கொள்வதோடு சரி, பதிவு செய்வதில்லை. அதனால் ஈசி சுத்தமாக இருக்கும். மாடியில் ஒருவருக்கு 8 லட்சம் ஒத்தி நிலுவையில் இருப்பது, அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரியும். அந்த 8 லட்சத்தை உரிமையாளர் எப்போதோ செலவழித்திருப்பார். திருப்பித் தர வாங்குபவரின் பணத்தையே நம்பியிருப்பார். வீட்டில் குடியிருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குச் சொல்லவில்லை" என்று தப்ப முடியாது.

ஒத்தி இருப்பதாலேயே வீட்டைத் தள்ளிவிட வேண்டாம். தொகை எவ்வளவு, கெடு எந்த மாசம், எழுத்து எங்கே என்று கேளுங்கள். கெடு முடிய ஒன்றரை வருஷம் இருந்தால், உடனே குடிபோக வேண்டிய பார்ட்டிக்கு அது ஆகாது. முதலீட்டுக்கு வாங்குபவருக்கு ஆகலாம். ஒத்தித் தொகையை வாங்குபவரே நேராகக் குடியிருப்பவருக்குக் கொடுத்து, ரசீது வாங்கி, விலையில் கழித்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்பதைப் பார்வைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சம்மதிக்கத் தயங்கினால் பணம் வேறு எங்கோ போக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

மனை அப்ரூவல், கட்டட உயரம்

அப்ரூவல் இல்லாத லே-அவுட் மனை 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டு மனையாகப் பதிவாகியிருக்கிறதா, வரன்முறை ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவிலும் வங்கியிலும் முட்டும். கட்டட வரைபட அனுமதியில் தரைத்தளம் மட்டும் இருந்து, நிஜத்தில் இரண்டு மாடி நின்றால், மதிப்பீட்டாளர் மேல்தளத்தைக் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

மேலே ஒரு மாடி எடுக்கும் எண்ணத்தோடு மாசி வீதிகளுக்குள் வீடு தேடுபவருக்கு ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. புது அபார்ட்மெண்ட் என்றால், மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வேண்டும். பிரிபடாத பாகம் (மொத்த மனையில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பங்கு) எத்தனை சதுர அடி என்பதையும் விளம்பரத்தில் அல்ல, பத்திர வரைவில் பாருங்கள்.

தண்ணீர்: வருவதும் வராததும்

மதுரையின் புறநகர்ப் பெயர்களை உற்றுக் கேட்டாலே குளம் காதில் விழும். கண்மாய் உள்வாயிலும், மறுகால் (கண்மாய் நிரம்பி வழியும் தண்ணீர்) போகும் வழியிலும் எழுந்த நகர்கள் நிறைய. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மழையில் செல்லூர்ப் பக்கம் கண்மாய்த் தண்ணீர் பெருகி, பந்தல்குடி கால்வாயை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள் புகுந்தது. ஆகவே கூகுள் வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் வீட்டைக் குறித்து, அருகில் உள்ள கண்மாயையும், அதிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய்க்காலையும் தேடுங்கள். வாய்க்கால் வீடுகளுக்கிடையே திடீரென்று காணாமல் போகிறதா? அந்த இடத்தைச் சுற்றி நீங்கள் பட்டியலில் வைத்திருக்கும் வீடுகளுக்குக் கேள்விக்குறி போடுங்கள். உரிமையாளரிடம் "தண்ணி வருமா?" என்று கேட்காதீர்கள், குடிதண்ணீர் பற்றிப் பதில் சொல்லித் தப்பிவிடுவார். "அந்த அக்டோபர் மழைக்கு வாசப்படியில எத்தனாவது படி வரைக்கும் நின்னுச்சு?" என்று கேளுங்கள்.

குடிநீருக்கு மாநகராட்சி இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்க வேண்டும். போர் எத்தனை அடி, சித்திரை வைகாசியில் லாரி கூப்பிட்டார்களா என்பதும் அதோடு. உப்பை அளக்க டிடிஎஸ் மீட்டர் போதும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. போர்த் தண்ணீரைக் குடிக்காவிட்டாலும் 2,000-ஐத் தாண்டினால் ஹீட்டரும் குழாயும் சீக்கிரம் பாழாகும். பாதாளச் சாக்கடை இல்லாத விரிவாக்கப் பகுதியில் செப்டிக் டேங்க் எங்கே, போர் எங்கே, இரண்டுக்கும் எத்தனை அடி என்று கேட்டு வையுங்கள்.

ஐந்து நிமிட வீடியோ

போட்டோவை நம்ப வேண்டாம். அகலக் கோண லென்ஸில் பத்தடி ரூம் பதினாறடியாகத் தெரியும். வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், வெட்டாமல், வாசலில் தொடங்கி மாடி வரைக்கும். முதலில் தெருவின் இரு முனையும். பிறகு சுவரின் அடிப்பாகம்: தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பெயின்ட் பொரிந்திருந்தால் ஓதம் (தரை ஈரம்) ஏறுகிறது. அந்த உயரத்துக்கு மட்டும் புது டைல்ஸ் ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான். பாத்ரூமுக்குக் கீழே உள்ள சீலிங்கைக் காட்டச் சொல்லுங்கள். பூச்சு விழுந்து கம்பி துருவேறியிருந்தால் அது பெயின்ட் வேலையில் தீராது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்கு அஸ்திவாரம் காரணமாக இருக்கலாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் இதை அதிகம் பார்க்கலாம். மயிரிழை போன்ற மேல்பூச்சு வெடிப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கட்டைகளைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். கரையான் மண் கோடு தெரிகிறதா? மேலே மாடி கட்டலாம் என்று எவர் சொன்னாலும், இன்ஜினியர் பார்க்காமல் அதை விலையில் சேர்க்காதீர்கள்.

பார்க்க நாள் குறிப்பது

இத்தனையும் தாண்டி நிற்பவை பத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒரு நாளுக்கு மூன்று வீடு போதும், வீட்டுக்கு முக்கால் மணி நேரம். வைகைக்கு வடகரை ஒரு நாள், தென்கரை ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் பாலத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த உரிமையாளரைக் காக்க வைக்க வேண்டாம். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு ராகு காலம், சனி காலை ஒன்பது முதல் பத்தரை. நம்பும் குடும்பத்தை அந்த நேரத்தில் கூட்டிப் போனால் நல்ல வீடும் அடிபட்டுப் போகும். ஆடியிலும் மார்கழியிலும் பார்த்து வைக்கலாம். அட்வான்ஸ் பேச்சுக்குப் பலர் மாசம் மாறட்டும் என்பார்கள்.

முந்தைய நாள் உரிமையாளரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள். குடியிருப்பவருக்குத் தகவல் கொடுக்கணும். மொட்டை மாடிச் சாவி கையில் இருக்கணும். பூட்டிய ரூம் எதுவும் இருக்கக் கூடாது. தொட்டியை நிரப்பி வைக்க வேண்டாம், நாங்கள் வந்த பிறகு மோட்டாரைப் போடலாம். மோட்டார் போட்டதும் தொட்டியில் விழும் தண்ணீரின் கனம் பத்து நிமிடத்தில் மெலிந்தால் போர் வறண்டுகொண்டிருக்கிறது.

வாங்குபவருக்கு ஒரே தாள்: பத்திர அளவு, பட்டா அளவு, யார் யார் கையெழுத்து, கடன் அல்லது ஒத்தி, தண்ணீர், நேரில் பார்த்துத் தீர்க்க வேண்டிய கேள்விகள் மூன்று. அவர் சொன்ன மூன்று கட்டாயங்களில் ஒன்று இடித்தால் அதை மேலேயே எழுதிவிடுங்கள், மறைத்துக் கூட்டிப் போகாதீர்கள். காலையில் கிளம்பும் முன் இன்னொரு போன் போட்டு, சாவி யார் கையில் என்று மறுபடி கேளுங்கள். "வாங்க, பக்கத்துல வந்துட்டு கூப்பிடுங்க" என்று பதில் வந்தால் அந்த வீட்டை அன்றைய வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.